ரிமோட் வாங்கும் முன் ரிசீவரைப் பாருங்கள்

நுகர்வோர் கேள்வி-பதில்

கொடைக்கானலில் வீடு வைத்திருப்பவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களுமாக நம் கரையோரத்தில் இத்தனை வாசகர்கள் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குளிருக்கு அறையைச் சூடாக்கும் கேஸ் கணப்புக்கு ரிமோட் பொருத்துவது பற்றி வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. இராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் உட்கார்ந்து குளிர்காய்வதைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான் என்றாலும், பணத்தைத் தொலைத்தவர்களின் கடிதங்களில் வேடிக்கை எதுவும் இல்லை.

கேள்வி: கொடைக்கானலில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் கேஸ் கணப்பு இருக்கிறது. சுவரில் உள்ள சுவிட்சைப் போட்டால் நன்றாக எரிகிறது. வாப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால், நாற்காலியில் இருந்தபடியே போட்டு அணைக்க ரிமோட் செட் வாங்க நினைக்கிறோம். உள்ளூர் எலெக்ட்ரீஷியனே பொருத்திவிடுவாரா?
— வாசகர், கீழக்கரை

பதில்: சுவர் சுவிட்சில் இப்போதே ஒழுங்காக எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை. ரிமோட் செட் அந்தச் சுவிட்சின் வேலையைத் தூரத்திலிருந்து செய்யுமே தவிர, திணறுகிற கணப்பைச் சரிசெய்யாது. சுவிட்சிலேயே சரியாக எரியாத கணப்புக்கு ரிமோட் வாங்கிப் பொருத்திவிட்டு, ரிமோட் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

அடுத்து, கணப்பின் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள். அணைத்திருக்கும்போதும் ஒரு சிறு நீலச் சுடர் எரிந்துகொண்டிருந்தால் அது பைலட் சுடர். அதன் சூட்டில் தெர்மோபைல் என்னும் விரல் நீள உலோகக் குழல் அரை வோல்ட்டிலிருந்து முக்கால் வோல்ட் வரை மின்சாரம் உண்டாக்குகிறது. கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருப்பது அந்தச் சொற்ப மின்சாரம்தான். சுவர் சுவிட்சுக்கு வரும் இரண்டு கம்பிகளிலும் அதுவே ஓடுகிறது, வீட்டு மின்சாரம் அல்ல. எலெக்ட்ரீஷியனைப் பற்றிய என் பயமும் இங்கேதான். சுவிட்சுப் பெட்டியைக் கண்டதும் பேஸ் எது, நியூட்ரல் எது என்று தேடுவது அவர்கள் கைப்பழக்கம். 230 வோல்ட்டை அந்த வால்வுக்குக் கொடுத்தால் வால்வு எரிந்துபோகும். கேஸ் இருக்கும் இடத்தில் அதோடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே கேஸ் கணப்பு வேலை தெரிந்தவரையே கூப்பிடுங்கள், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

வேலை பெரியதல்ல. செட்டில் கையில் பிடிக்கும் ரிமோட்டும், அதன் கட்டளையை வாங்கிக்கொள்ளும், பேட்டரியில் ஓடும் ரிசீவர் பெட்டியும் இருக்கும். வால்வில் வழக்கமாக மூன்று முனைகள் உண்டு. அவற்றில் டிஎச் (TH) என்றும் டிஎச்டிபி (TH/TP) என்றும் குறித்த இரண்டில்தான் சுவர் சுவிட்சின் கம்பிகள் மாட்டியிருக்கும். ரிசீவரின் இரண்டு கம்பிகளும் அதே இரண்டு முனைகளுக்குத்தான் போக வேண்டும். சுவர் சுவிட்சைக் கழற்றாமல் விட்டுவைக்கலாம். ஆனால் அது போட்ட நிலையில் இருந்தால் ரிமோட்டில் எத்தனை முறை அழுத்தினாலும் கணப்பு அணையாது என்பதை வாப்பாவுக்கும் சொல்லி வையுங்கள்.

ரிசீவரின் முகப்பில் ஒரு நகர்த்தும் பொத்தான் இருக்கும்: ஆன், ரிமோட், ஆஃப் என்று மூன்று நிலைகள். நடுவில் வைத்தால்தான் ரிமோட்டின் பேச்சை அது கேட்கும். அதன் பக்கத்தில் ‘லேர்ன்’ என்று எழுதிய சிறு துளையைப் பேனா முனையால் அழுத்தி, ‘பீப்’ என்ற ஒலி கேட்டதும் ரிமோட்டின் பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கணப்பை ஒரு மணி நேரம் எரியவிட்டு, பெட்டி வைக்க நினைக்கும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். கை பொறுக்காத இடத்தில் பேட்டரியும் பொறுக்காது.

பைலட் சுடர் இல்லாமல், சுவிட்சைப் போட்டதும் ‘டிக் டிக்’ என்று பொறி தட்டித் தானே பற்றிக்கொள்ளும் வகையாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பலகை உண்டு; கணப்பைச் செய்த கம்பெனி அந்த மாடலுக்கென்று சொல்லும் ரிமோட்டைத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: ‘யூனிவர்சல்’ என்று போட்ட ரிமோட் எல்லாக் கணப்புக்கும் பொருந்துமா?
— வாசகர், தொண்டி

பதில்: பொருந்தாது.

கேள்வி: கொடைக்கானலில் ஒரு பங்களாவைப் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி சொன்னதால் மதுரையில் ஒரு கடையில் என் கைப்பணம் 6,800 ரூபாய் கொடுத்து ரிமோட் செட் வாங்கினேன். பதினைந்தே நாளில் ரிசீவர் செத்துவிட்டது. கடையில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற போர்டைக் காட்டுகிறார்கள். பில்லைக் கேட்டால், கொடுத்தது எஸ்டிமேட்தான் என்கிறார்கள். முதலாளி என் சம்பளத்தில் பிடிக்கப் பார்க்கிறார்.
— வாசகர், உச்சிப்புளி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே அப்படியே எழுத முடியாது. தவறு உங்கள் மேல் இல்லை என்பதை முதலில் உங்கள் முதலாளிக்குச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தையே காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

எஸ்டிமேட் என்ற அந்தத் துண்டுக் காகிதம் என் நெடுநாள் எரிச்சல். கடையின் பெயர் இருக்காது, ஜிஎஸ்டி எண் இருக்காது, பொருளின் மாடல் எண்ணும் இருக்காது. ‘ரிமோட் 1’ என்று கிறுக்கி, கீழே கூட்டல் மட்டும் சரியாகப் போட்டிருப்பார்கள். பில் வேண்டுமானால் வரி கூடும் என்று ஒரு குழைவு வேறு. என் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு வாங்கிய ரிமோட் ஒன்று இப்படித்தான் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் பரணுக்குப் போனது. அதன் எஸ்டிமேட்டைப் பிறகு விரித்துப் பார்த்தபோது, எந்தக் கடையில் வாங்கியது என்பதற்குக்கூட அதில் அடையாளம் இல்லை. ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடைக்காரர் 200 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைக்கு பில் கொடுத்தே ஆக வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பில்லில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள்ளும், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் முறையற்ற நடைமுறையே. சுவரில் தொங்கும் போர்டு சட்டத்தை மாற்றிவிடாது. ‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று எழுதி மாட்டுகிறவர், ‘கெட்டுப்போன பொருளையும்’ என்று சேர்த்து எழுதுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

நீங்கள் போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. எந்தத் தேதியில், யாருடைய கணக்குக்கு, எவ்வளவு என்பது அதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கடைக்காரரோடு பேசியிருந்தால் அதையும் அழிக்காதீர்கள். பெட்டியின் வெளிப்புறத்தில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 30 நாள் முடியும் முன் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை மதுரையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்றாலும், அவ்வளவு காலம் ஆறப்போடாதீர்கள்.

கேள்வி: ரிசீவர் பெட்டியை பர்னருக்கு நேர் மேலே உள்ள பலகையின் அடியில் ஒட்டினோம். இரண்டாம் நாள் உருகிவிட்டது. கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால் அட்டைப்பெட்டியோடு போட்டுவிட்டோம். வாரண்டியில் கேட்கலாமா?
— வாசகர், இராமநாதபுரம்

பதில்: கேட்கலாம், தரமாட்டார்கள், தர வேண்டியதும் இல்லை. தீ மேல்நோக்கி எரியும் என்பதை அறிய ஆங்கிலம் எதற்கு? கையேட்டில் படமும் இருந்திருக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், தன் வீட்டில் கழற்றிய கேஸ் கணப்பை ரிமோட்டோடு அனுப்பினார். எல்பிஜி சிலிண்டரில் இணைத்தோம். சுடர் மஞ்சளாக உயர எழுந்து கண்ணாடியில் கரி படிகிறது. ரிமோட்டில் அளவைக் குறைத்தாலும் நிற்கவில்லை. ரிமோட் கோளாறா?
— வாசகி, ஏர்வாடி

பதில்: அம்மா, இதைப் படித்ததும் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடச் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள். கோளாறு ரிமோட்டில் இல்லை. அந்தக் கணப்பு பெரும்பாலும் இயற்கை எரிவாயுவுக்காகச் செய்ததாக இருக்கும். நம் வழுதூர் மின்நிலையத்தில் எரிகிறதே, அந்த வாயு. ஒரே கன அளவில் எல்பிஜியின் வெப்பம் அதைவிட அதிகம் என்பதால் எல்பிஜி கணப்பில் கேஸ் வெளிவரும் நாசில் துளை சிறியதாக இருக்க வேண்டும். பெரிய துளை வழியாக எல்பிஜி பாய்ந்தால் அரைகுறையாக எரியும். கரி படிவது அதன் அடையாளம். கரியோடு வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கேஸில் கலக்கும் நாற்றம் கசிவைத்தான் காட்டிக்கொடுக்கும், இதைக் காட்டாது. அந்த மாடலுக்குரிய எல்பிஜி மாற்று உதிரிகள் கிடைத்து, வேலை தெரிந்தவர் மாற்றித் தந்தால் பயன்படுத்தலாம். கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடுங்கள். அதில் காற்றைத் தள்ளும் ஃபேன் இருந்தால் அது 120 வோல்ட்டுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: வீடு பூட்டியிருக்கும் மாதங்களில் பத்திரமாக இருக்கட்டும் என்று கணப்பின் ரிமோட்டைக் கொடைக்கானலிலிருந்து ஊருக்கு எடுத்து வந்து அலமாரியில் வைத்தோம். இப்போது பேட்டரி ஸ்பிரிங்கில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. துரு வாரண்டியில் வராது என்கிறார் கடைக்காரர்.
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உலோகம் கடற்காற்றில் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, நம் மண்டபம் ஊரில் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட காற்றுக்கு நீங்கள் ரிமோட்டை அழைத்து வந்திருக்கிறீர்கள். கடைக்காரர் சொல்வது, இந்த ஒரு முறை, சரி. வெள்ளைப் பூச்சு அல்கலைன் பேட்டரி கசிந்ததாக இருக்கலாம். எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த பஞ்சால் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி துடைத்து, நன்கு உலரவிட்டுப் புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள். இனி வீட்டைப் பூட்டும்போது ரிமோட், ரிசீவர் இரண்டிலிருந்தும் பேட்டரியைக் கழற்றி, ரிசீவரை ஆஃபில் வைத்து, பைலட்டை அணைத்து, சிலிண்டரை மூடிவிட்டு, ரிமோட்டை அங்கேயே விட்டு வாருங்கள்.

கேள்வி: குளிர் தாங்காத இரவுகளில் ரிமோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கணப்பை எரியவிட்டுத் தூங்கலாமா?
— வாசகர், பாம்பன்

பதில்: கூடாது. கம்பளி வாங்குங்கள். ரிமோட்டுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்குங்கள். இரவில் கேஸ் நாற்றம் வந்து விழித்தால் ரிமோட்டையோ வேறு சுவிட்சையோ தொடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்தபின் எல்பிஜி கசிவுக்கான அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.

கேள்வி: மலையில் அடிக்கடி கரண்ட் போகிறது. அப்போது ரிமோட்டால் பயன் உண்டா?
— வாசகர், சாயல்குடி

பதில்: பைலட் சுடர் வகையானால் உண்டு. ரிசீவர் பேட்டரியில் ஓடுகிறது. வால்வுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சுடரே உண்டாக்கிக்கொள்கிறது. சூட்டை அறைக்குள் தள்ளும் ஃபேன் மட்டும் நின்றுவிடும்.