சுற்றுலா சீசன் முடிந்தபின் கிரேக்கத் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தங்கி வாழ முடியுமா? என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

முடியும். ஆனால் எந்தத் தீவு என்பதைப் பொறுத்துத்தான் பதில். சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் குட்டித் தீவில் நவம்பரில் ஒரு காபிக்கடை திறந்திருந்தாலே அதிர்ஷ்டம். அதனால் ஆண்டு முழுக்க உயிரோடு இருக்கும் ஓர் இடத்தை வைத்துச் சொல்கிறேன்: க்ரீட் தீவின் மேற்கில், ஹனியா நகரத்துக்குக் கிழக்கே உள்ள அப்போகொரோனாஸ் வட்டாரம். வாமோஸ், கலிவெஸ், அல்மிரிதா போன்ற ஊர்களில் வெளிநாட்டவர்கள், குறிப்பாக பிரிட்டிஷ்காரர்கள், கணிசமாகக் குடியேறியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுங்கள். இங்கே வாட்டுவது குளிரோ தனிமையோ அல்ல, ஈரம். அக்டோபரில் கடல் 22, 23 டிகிரி இருக்கும். மே மாதத்தைவிடக் குளிக்கச் சுகம். மாதக் கடைசியில், புனித திமித்ரியோஸ் திருநாளை (அக்டோபர் 26) ஒட்டி, சில நாள் வெயில் திரும்பவும் வரும். அதில் மயங்கி வேலைகளைத் தள்ளிப் போடுபவர்கள்தான் நவம்பரில் மாட்டிக்கொள்கிறார்கள். வீடுகள் பெரும்பாலும் கோடைக்காகக் கட்டப்பட்டவை: கான்கிரீட் சட்டகம், செங்கல் சுவர், வெப்பக் காப்பு கிடையாது, தரையெல்லாம் டைல்ஸ். பழைய கல்வீடு பார்க்க அழகு. அரை மீட்டர் தடிமன் சுவர் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் மார்ச் வரை சூடேறாது.

கணக்கு எளிது. அறை 18 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், சுமார் 13.5 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். காப்பில்லாத வடக்குச் சுவர் டிசம்பரில் அந்த நிலைக்கு வந்துவிடும். பீரோவின் பின்பக்கம், படுக்கையின் தலைமாடு, தோல் செருப்பு என்று கரும்பூஞ்சை அங்கேதான் தொடங்கும். மரச்சாமான்களைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒன்றை, நாளுக்கு இருபது லிட்டர் ரகமாக, வாங்கி 55 முதல் 60 சதவீதத்தில் ஓட விடுங்கள். கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே திணறும்; சூடேற்றாத அறைக்கு, ஈரமுறிஞ்சும் பொருளால் வேலை செய்யும் டெசிக்கன்ட் வகைதான் சரி. காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தாலே பாதி வேலை முடிந்தது. நாள் முழுக்க ஒரு ஜன்னலை இடுக்காகத் திறந்து வைப்பது சுவரைக் குளிரவைப்பதோடு சரி.

கேஸ் சிலிண்டரை உள்ளே வைத்த நகரும் ஹீட்டர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். அந்த எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே இறங்கும். அதாவது பணம் கொடுத்து ஈரம் வாங்குகிறீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. இன்வெர்ட்டர் ஏ.சி. இருந்தால் அதையே சூட்டுக்குப் பயன்படுத்துவது நல்லது. ஃபில்டரைக் கழுவுங்கள், கடலோர வீடானால் வெளி யூனிட்டில் உப்பு அரித்த இடங்களைப் பாருங்கள்.

எண்ணெய் பாய்லர் உள்ள வீடானால் ஒரு தேதியை நினைவில் வையுங்கள்: குறைந்த வரியுடன் சூட்டு எண்ணெய் விற்பனை அக்டோபர் 15-இல் தொடங்கி ஏப்ரல் 30-இல் முடியும். முதல் வாரத்தில் லாரிக்குக் கூட்டம் இருக்கும். தொட்டியின் அடியில் தேங்கிய கசடைப் பார்க்காமல் நிரப்பினால், கலங்கிய கசடு பர்னரை அடைக்கும். நிரப்பிய பிறகு சில மணி நேரம் கழித்தே பாய்லரை ஓட்டுங்கள்.

விறகு அடுப்பு, உள்ளூரில் ‘சோம்பா’, வைத்திருப்பவர்கள் ஏமாறுவது விறகில். ஒலிவ விறகு அடர்த்தியானது, நெடுநேரம் எரியும், ஆனால் தடித்த கட்டை காய இரண்டு வருடம் பிடிக்கும். அக்டோபரில் ‘காய்ந்தது’ என்று வருவதில் பாதி போன குளிர்காலத்தில் வெட்டியது. எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். கன மீட்டருக்கு வாங்கினால், அடுக்கிய கன மீட்டரா, லாரியில் கொட்டிய கன மீட்டரா என்று கேளுங்கள்; கொட்டியதில் அடுக்கியதன் மூன்றில் இரண்டு பங்கு விறகுகூடத் தேறாது. ஈரமானி மலிவுதான்: ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் என்றால் அது அடுத்த வருடத்து விறகு. ஈர விறகின் புகை புகைபோக்கியில் தாராகப் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். முதல் தீ மூட்டுமுன் புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். பறவைக்கூடு இருப்பது சகஜம்.

மொட்டை மாடிதான் அடுத்தது. கோடை முழுக்கத் தூசியும் ஊசியிலையும் வடிகால் வாயில் சேர்ந்திருக்கும். முதல் பெருமழையில் மாடி குளமாகி, விரிசல் வழியே கூரை ஒழுகும். நீர்க்காப்புப் பெயின்ட் அடிப்பதானால் செப்டம்பரிலேயே, கான்கிரீட் நன்றாகக் காய்ந்திருக்கும்போது. ஈரத்தின்மேல் அடித்தது கொப்பளித்து உரிந்துவிடும். உறிஞ்சுகுழி வைத்த வீடானால் மழைக்கு முன்பே லாரியைக் கூப்பிட்டுக் காலி செய்யுங்கள். மண் ஊறிவிட்டால் குழி உறிஞ்சாது, கழிவறை எதிர்த்துக்கொண்டு வரும். மழையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்: 2022 அக்டோபர் 15 அன்று க்ரீட்டின் வடகரையில் அகியா பெலகியாவில் வெள்ளம் கார்களைக் கடலுக்கு இழுத்துச் சென்றது. வறண்ட ஓடையின் வழியில், தாழ்வான கடலோரத்தில் வீடு பிடிக்காதீர்கள்.

மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இடி மழையில் அடிக்கடி விழும். பெரும்பாலும் காரணம் தோட்டத்து விளக்கில் புகுந்த தண்ணீர். எல்லா பிரேக்கரையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, மழை விட்டதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரவுட்டரை மின்னலின்போது பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மாடியில் உள்ள சோலார் வாட்டர் ஹீட்டர் மேகமூட்டம் தொடர்ந்தால் கைவிடும். அப்போது மின்பெட்டியில் உள்ள ஸ்விட்சைப் போட வேண்டும். 4 கிலோவாட் காயில், 150 லிட்டர் தொட்டியை 20 டிகிரி ஏற்றச் சுமார் 50 நிமிடம். போட்டதை மறந்து தூங்கப் போவதுதான் நவம்பர் கரண்ட் பில் ஏற ஒரு காரணம்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவருக்கு ஷெங்கன் பகுதியில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் இதேதான். ஜூலை, ஆகஸ்டை இங்கே கழித்தவருக்கு இலையுதிர் காலத்தில் ஒரு மாதம்கூட முழுதாக மிஞ்சாது. 2025 அக்டோபர் 12 முதல் வருகையும் புறப்பாடும் கணினியில் பதிவாகத் தொடங்கிவிட்டதால், முத்திரையை எண்ணத் தவறும் அதிகாரியை நம்பிப் பயனில்லை. அதற்கு மேல் தங்க நீண்டகால விசா வேண்டும். தொலைவேலைக்காரர் விசாவுக்கு மாதம் 3,500 யூரோ நிகர வருமானம் காட்ட வேண்டும். துணைக்கு 20 சதவீதம், ஒரு பிள்ளைக்கு 15 சதவீதம் கூடுதல். வரி எண் இல்லாமல் வாடகை ஒப்பந்தமோ மின் இணைப்போ நகராது, அதை முதலில் வாங்குங்கள். பல உரிமையாளர்கள் ஏப்ரல் வரை மட்டும் கொடுத்துவிட்டு, கோடையில் சுற்றுலாப் பயணிக்கு விட விரும்புவார்கள். நிரந்தர வசிப்பிட ஒப்பந்தத்துக்குச் சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டு உண்டு. ஒப்பந்தம் வரித்துறைத் தளத்தில் பதிவானதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சு வாடகை குடியிருப்பு அனுமதிக்கு உதவாது.

போக்குவரத்து சுருங்கும். வட ஐரோப்பாவிலிருந்து நேரடி விமானங்கள் ஏறக்குறைய அக்டோபர் கடைசியோடு நிற்கும். பிறகு ஏதென்ஸ் வழிதான். ஹனியாவின் சூடா துறைமுகத்திலிருந்து ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு இரவுக் கப்பல் குளிர்காலத்திலும் ஓடும். காற்று பியூஃபோர்ட் என்ற காற்று வேக அளவுகோலில் 8, 9-ஐ எட்டினால் கடற்பயணத் தடை வந்துவிடும், ஆகவே சர்வதேச விமானத்துக்கு முந்தின இரவுக் கப்பலை நம்பாதீர்கள். ஹனியா, ரெதிம்னோ, இராக்லியோ நகரங்களுக்கிடையே பஸ் தொடரும். கடற்கரைப் பஸ்கள் நிற்கும். கார் இல்லாமல் கிராமத்தில் சமாளிப்பது கடினம். முதல் மழையில் தார்ச்சாலை சோப்புப் போட்டதுபோல வழுக்கும். நவம்பரில் நசுங்கிய ஒலிவக் காய் வேறு. வளைவுகளில் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

சூப்பர் மார்க்கெட் எல்லாம் திறந்திருக்கும், ஞாயிறு மூடல். சிறு கடைகள் திங்கள், புதன், சனியில் மதியத்தோடு மூடிவிடும். சனிக்கிழமை ஹனியா மினோஸ் தெருச் சந்தைக்குப் போங்கள்: மாதுளை, சீமைமாதுளை, எலோஸ் கிராமத்துச் செஸ்ட்நட், மழைக்குப் பின் முளைத்த காட்டுக்கீரை. நவம்பரில் உள்ளூர் அவகாடோவும் ஆரஞ்சும் வரத் தொடங்கும். வாமோஸில் சுகாதார நிலையம் உண்டு, பெரிய மருத்துவமனை ஹனியாவுக்குத் தெற்கே மூர்னியெஸில். அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 166.

தனிமை என்று பயப்படுபவர்களுக்கு: இந்த மூன்று மாதம்தான் ஊரோடு பழகும் காலம். கோடையில் எல்லாரும் பதினாறு மணி நேரம் உழைப்பார்கள், பேச நேரமிருக்காது. திராட்சைச் சக்கையை நொதிக்க வைத்து, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை கஸானி எனப்படும் கொப்பரைகளில் ரக்கி என்ற சாராயம் காய்ச்சுவார்கள். தணலில் சுட்ட உருளைக்கிழங்கும் மாதுளையும் இறைச்சியும் பரிமாறப்படும். கூப்பிட்டால் போங்கள், கையில் ஒரு இனிப்புப் பெட்டியோடு. காரை வீட்டில் விட்டுவிடுங்கள்.

வீட்டோடு ஒலிவ மரங்கள் வந்திருந்தால் வேலையும் சேர்ந்து வரும். கொரொனெய்கி வகைக்கு நவம்பர், டிசம்பர் அறுவடை. நான்கு முதல் ஆறு கிலோ காய்க்கு ஒரு லிட்டர் எண்ணெய். ஒரு வருடம் கொட்டிக் காய்த்த மரம் அடுத்த வருடம் ஓய்ந்திருக்கும். பறித்த காயைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும், பிளாஸ்டிக்கில் காய் வெந்து அமிலம் ஏறும், அமிலம் 0.8 சதவீதம் தாண்டினால் முதல்தர எண்ணெய் இல்லை. பறித்த மறுநாளுக்குள் ஆலைக்குப் போய்விடுங்கள். ஆலை கூலியாக எண்ணெயில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். மூட்டை குறைவானால் பிறர் காயோடு சேர்த்து அரைத்துவிடுவார்கள், உங்கள் எண்ணெயே வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஒரே தொகுதியாகக் கொண்டுபோங்கள். கூலிக்கு ஆள் வைத்தால் காப்பீட்டோடு கூடிய ‘எர்கோஸிமோ’ என்ற கூலிச்சீட்டு முறையில் கொடுங்கள். கழித்த கிளைகளை அக்டோபர் 31 வரை எரிக்கத் தடை. அதன்பிறகும் தீயணைப்புத் துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துத்தான் தீ வைக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மெயின் தண்ணீர் வால்வை மூடி, ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்தே வைத்து, டீஹியூமிடிஃபையரின் வடிகுழாயைக் குளியலறை வடிகாலில் விட்டு அதை மட்டும் ஓட விடுங்கள். கிரேக்க நம்பர் பிளேட் கார் இருந்தால் அடுத்த ஆண்டுக்கான சாலை வரியை டிசம்பர் முடிவதற்குள் இணையத்தில் கட்டிவிட்டுக் கிளம்புங்கள், தவறினால் அபராதம்.