கயா தரவில் ஓபி விண்மீன் கூட்டம் ஏன் கொத்தாகத் தெரியவில்லை?

விருச்சிகப் பகுதிக்கு ஐரோப்பாவின் கயா விண்கலம் அளந்து தந்த விண்மீன் தரவை இறக்கி, விண்மீன்களை வான வரைபடத்தில் புள்ளி வைத்தால் எல்லாம் தூவிய மாதிரி இருக்கிறது, ஓபி கூட்டம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி ப்ராஜெக்ட்டாக இருக்கும். "படத்தில் கொத்து தெரியணும்" என்று கைடு சொல்லியிருப்பார். தெரியாது. உங்கள் நிரலில் பிழை இருக்க வேண்டிய அவசியமில்லை, பார்க்க வேண்டிய படம்தான் வேறு.

ஓபி கூட்டம் என்பது ஒன்றாகப் பிறந்த, ஓ, பி வகை (மிக வெப்பமான, பெருநிறை) விண்மீன்களைக் கொண்ட தளர்ந்த குழு, ஈர்ப்பால் கட்டுண்டது அல்ல. கார்த்திகை விண்மீன்களை இதற்கு உதாரணமாகப் போடும் கட்டுரைகளை நம்பாதீர்கள். அது கட்டுண்ட கொத்து, வயது 10 கோடி ஆண்டுக்கு மேல், அதில் ஓ வகை விண்மீன் ஒன்றுகூடக் கிடையாது. ஓபி கூட்டத்தின் அடர்த்தி, பால்வெளியின் ஓத விசையே (ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் வரும் இழுப்பு) பிய்த்துப் போட்டுவிடும் அளவுக்குக் குறைவு. அப்படியும் இன்னும் கலையாமல் இருக்கிறது என்றால் பிறந்து அதிக காலம் ஆகவில்லை என்பதுதான் 1947-ல் ஆர்மீனிய வானியலாளர் விக்டர் அம்பார்ட்சுமியான் வைத்த வாதம். கணக்கு எளிது: நொடிக்கு 1 கிமீ வேகம் என்றால் 10 லட்சம் ஆண்டில் ஏறக்குறைய 1 பார்செக் (3.26 ஒளியாண்டு) நகரும். விருச்சிகப் பகுதியில் நீங்கள் தேடும் ஓபி கூட்டமான மேல் விருச்சிகத்தின் வயது சுமார் 1 கோடி ஆண்டு. உள்ளே 2 கிமீ வேக வேறுபாடு இருந்தாலே 20 பார்செக் சிதறிவிடும். 145 பார்செக் தொலைவில் அது வானத்தில் 8 பாகை. வானப் படத்தில் தேடி என்ன பயன்?

தேட வேண்டியது ப்ராப்பர் மோஷன் (விண்மீன் வானத்தில் ஆண்டுக்கு நகரும் கோணம்) தளத்தில். மேல் விருச்சிகத்துக்கு காலக்டிக் தீர்க்கம் (பால்வெளித் தளத்தை வைத்து அளப்பது) 343 முதல் 360 பாகை, அட்சம் +10 முதல் +30 பாகை. பேரலாக்ஸ் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம், சிறிதானால் தொலைவு அதிகம்) 5.5 முதல் 9 மில்லி ஆர்க்செகண்ட். பேரலாக்ஸை அதன் பிழையால் வகுத்தால் 10-க்கு மேல் வர வேண்டும். ஆஸ்ட்ரோகுவெரி என்ற பைத்தான் நிரலகம் வழியாக எடுத்து, அட்டவணையில் சரியாக 2000 வரி மட்டும் வந்திருந்தால் அது முழுத் தரவல்ல, உடனடிக் கோரிக்கைக்கான வரம்பு. அசிங்க் முறையில் (கோரிக்கையை வரிசையில் போட்டுப் பிறகு எடுப்பது) மறுபடி கேளுங்கள். இப்போது இரண்டு ப்ராப்பர் மோஷன்களையும் அச்சுகளாக வைத்தால், ஆண்டுக்கு −11, −23 மில்லி ஆர்க்செகண்ட் அருகே மேடு ஒன்று எழும். அதுதான் நீங்கள் தேடுவது. மொத்தம் சுமார் 25.5. அதை 4.74-ஆல் பெருக்கி, பேரலாக்ஸ் 6.9-ஆல் வகுத்தால் குறுக்கு வேகம் நொடிக்கு 17.5 கிமீ.

இந்த மேட்டைச் சுற்றிப் போடும் அதே வெட்டை சென்டாரஸ் வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், பலர் கவிழ்வது இங்கேதான். மேல் விருச்சிகத்தைத் தன் மூன்று உட்பிரிவுகளில் ஒன்றாகக் கொண்ட விருச்சிகம்–சென்டாரஸ் கூட்டம் வானத்தில் 70 பாகைக்கு மேல் நீள்கிறது. விண்மீன்கள் இணையாகவே ஓடினாலும், நாம் பார்க்கும் கோணம் மாறுவதால் ப்ராப்பர் மோஷன் மாறிக்கொண்டே போகும். தென்சிலுவைப் பக்கம் அது −35, −12 வாக்கில் இருக்கும். அதனால் மூன்று உட்பிரிவுகளுக்கும் தனித்தனியாக வெட்டுங்கள், அல்லது ஒரு பொது விண்வெளி வேகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் அது எந்த ப்ராப்பர் மோஷனாகத் தெரியும் என்று கணக்கிட்டுக் கழியுங்கள்.

அடுத்த சிக்கல் கொஞ்சம் வேடிக்கையானது. ஓபி கூட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, ஓ, பி விண்மீன்களைத்தான் கயாவில் நம்ப முடியாது. ஜி அளவு (கயாவின் பிரகாச அளவு, எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்) 3-ஐ விடப் பிரகாசமானவற்றில் பல பட்டியலிலேயே இல்லை. 6 வரைக்கும் அளவீட்டில் கவனம் தேவை. அனுஷத்தின் மூன்று விண்மீன்கள், கேட்டையின் மூன்று விண்மீன்கள் எல்லாமே இந்தக் கூட்டத்தின் உறுப்பினர்கள்தான். இவற்றுக்கு, கயாவுக்கு முந்தைய ஹிப்பார்கோஸ் விண்கலத் தரவின் 2007 மறுகணிப்பை எடுத்துச் சேருங்கள். கேட்டையின் செம்மீனான அன்டாரஸுக்கு அதிலேயே பேரலாக்ஸ் 5.89, பிழை 1. அதை வைத்து தொலைவை மூன்று இலக்கத் துல்லியமாக அறிக்கையில் எழுதாதீர்கள்.

ரூவி எண் (அளவீடு ஒற்றை விண்மீன் கணக்கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் கயா எண்) 1.4-க்குக் கீழ் என்ற வெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் தப்பு. அது இரட்டை விண்மீன்களைத் தூக்கி எறியும். பெருநிறை விண்மீன்களில் பெரும்பாலானவை இரட்டைகள். சிறு விண்மீன்களுக்கு அந்த வெட்டு இருக்கட்டும், வெப்ப விண்மீன்களுக்கு விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆர வேகத்தை (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகம்) நம்பி இறங்கவும் வேண்டாம். மூன்றாம் வெளியீட்டில் 14,500 கெல்வின் வெப்பம் வரைதான் ஆர வேகம் தந்திருக்கிறார்கள். ஓ வகைக்கும் தொடக்க பி வகைக்கும் கிடைக்காது.

ஆகவே எண்ணிக்கை சேர்வது சிறு சிவப்பு விண்மீன்களால்தான். "ஓபி கூட்டத்தில் எம் வகைக்கு என்ன வேலை" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், ஒரே மேகத்தில் பிறந்தவை, எண்ணிக்கையில் இவையே அதிகம். ஜி அளவுடன் 5 மடங்கு பேரலாக்ஸின் லாக் மதிப்பைக் கூட்டி 10 கழித்தால் தனி ஒளியளவு வரும், பேரலாக்ஸ் மில்லி ஆர்க்செகண்டில் இருக்க வேண்டும். அதை நிறத்துக்கு (கயாவின் நீல, சிவப்பு அளவுகளின் வித்தியாசம்) எதிராக வரையுங்கள். நிறம் 2-க்கு மேல் உள்ள இளம் விண்மீன்கள் இன்னும் சுருங்கி முடிக்காததால், முதன்மைத் தொடருக்கு (முதிர்ந்த சாதாரண விண்மீன்கள் நிற்கும் கோடு) ஒன்றரை மேக்னிட்யூட் வாக்கில் மேலே நிற்கும். 0.75 மட்டும் மேலே இருந்தால் ஒதுக்குங்கள், அது சம நிறையுள்ள கிழ இரட்டையாகவும் இருக்கலாம். ஓபியூகஸ் தூசு மேகத்தை ஒட்டிய பகுதியில் சிவப்பேற்றம் இந்தக் கணக்கைக் குழப்பும். நிறமாலை எடுத்து 6708 ஆங்ஸ்ட்ராமில் இளமையைக் காட்டும் லித்தியம் கோட்டைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது என்று நிபுணர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதனால் அறிக்கையில் "உறுப்பினர்" என்று எழுதாமல் "வேட்பாளர்" என்று எழுதுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இடையில் ஒன்று. கயா தரவு முழுக்க இலவசம், அட்டவணைகளைக் கையாளும் டாப்கேட் மென்பொருளும் இலவசம், இரண்டுக்கும் வழிகாட்டி ஆவணங்களும் இலவசம். தரவிறக்கம் செய்து காட்டுவதற்கு மாணவரிடம் கட்டணம் வாங்கி, கடைசியில் பங்கேற்புச் சான்றிதழ் ஒன்றை நீட்டும் இணையப் பயிலரங்குகள் பெருகிவிட்டன. பேரலாக்ஸ் பிழை என்றால் என்னவென்று அங்கே ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. காசு மிச்சம் பண்ணுங்கள்.

எச்டிபிஸ்கேன் (தரவில் குழுக்களைத் தானாகப் பிரிக்கும் நிரல்) போட்டால் எல்லாம் தானாக வரும் என்றும் யாராவது சொல்வார்கள். பார்செக்கையும் கிமீ வேகத்தையும் அப்படியே ஒரே அணியில் கொடுத்தால், எந்த அச்சில் எண் பெரிதோ அதுதான் ஆளும். அளவு விகிதத்தை மாற்றி மாற்றி ஓட்டி, எப்படி மாற்றினாலும் நிலைக்கும் குழுக்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று விருச்சிகம்–சென்டாரஸ் முழுவதையும் முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்களாகப் பிரித்தது. உங்களுக்கு நான்கைந்து வந்தால் பதற வேண்டாம்.

கலப்படத்தை அளக்காமல் அறிக்கை கொடுக்காதீர்கள். ப்ராப்பர் மோஷன் மேட்டைச் சுற்றி, மேட்டின் பரப்புக்குச் சமமான வளையம் ஒன்றை எடுத்து, மற்ற வெட்டுகளை எல்லாம் அப்படியே போட்டு எண்ணுங்கள். மேட்டில் 1000, வளையத்தில் 150 என்றால், உங்கள் வேட்பாளர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் வழிப்போக்கர்கள்.

சிக்னஸ் ஓபி2 என்ற தொலைதூரக் கூட்டத்தை அடுத்து எடுக்கலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு: இப்போது வேண்டாம். அங்கே பேரலாக்ஸே 0.6 வாக்கில்தான். மேல் விருச்சிகத்தில் கண்டுகொள்ளாமல் விட்ட சுழியப் பிழை (எல்லா பேரலாக்ஸிலும் பொதுவாக இருக்கும் சிறு நகர்வு) 0.03 வந்தாலே அங்கே தொலைவு 5 சதவீதம் நகர்ந்துவிடும், தூசு வேறு. ஓரியன் ஓபி1 எடுங்கள். தொலைவு 400 பார்செக்குக்கு உள்ளேயும் ஒட்டியும், பேரலாக்ஸ் 2.5 சுற்றி. ஒரே எச்சரிக்கை, அது நம்மை விட்டு ஏறக்குறைய நேர்க்கோட்டில் விலகுவதால் ப்ராப்பர் மோஷன் சுழியத்தை ஒட்டியே இருக்கும், தூரத்துப் பின்னணி விண்மீன்களும் அதே இடத்தில் குவியும். அங்கே பேரலாக்ஸ் வெட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.