மருத்துவரிடம் போவது அவநம்பிக்கையா? வில்லியனூர்ச் சகோதரிக்குப் பதில்

சகோதரி, திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும் குழந்தையில்லாத நிலையில், மருத்துவரிடம் போவது ஆண்டவர் குறித்த நேரத்தை நம்பாததாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது என்பதே என் கருத்து. நோயுற்றவர் ஆண்டவரிடம் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்று விவிலிய நூலான சீராக்கின் ஞானத்தின் 38ஆம் அதிகாரம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

விவிலியத்தில், 75 வயதில் ஆரான் நகரை விட்டுப் புறப்பட்ட ஆபிரகாமுக்கு மகன் ஈசாக்கு பிறந்தபோது வயது 100; இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அவர் மனைவி சாராவின் பொறுமை ஒருமுறை உடைந்து, தம் பணிப்பெண் ஆகார் வழியாகப் பிள்ளை பெற முயன்றார்; அதற்கான விலையை ஆகார் கொடுக்க நேர்ந்தது. அங்கே பிழை உதவி தேடியதில் இல்லை; இன்னொருத்தியின் வாழ்வைக் கருவியாக்கியதில்தான் இருக்கிறது.

நாத்தனாரின் வளைகாப்புக்கு உங்களை அழைக்காமல் விட்டதைப் படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. மாதா கோயில் குளப்படியில் உட்கார்ந்து அழுததை விசுவாசக் குறைவென்று எண்ண வேண்டாம். இன்னும் எவ்வளவு காலம் என்ற கேள்வியை 13ஆம் திருப்பாடல் ஆண்டவரிடமே நான்கு முறை எழுப்புகிறது.

பரிசோதனைக்குக் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பெண்ணை மட்டும் தனியே அனுப்பிவைக்கும் நம் ஊர் வழக்கம், செபத்தின் பெயரால் நடந்தாலும், எனக்கு ஏற்புடையதன்று.