ஓசூரில் இருக்கிறேன், நாளுக்கு 12 சிகரெட். இ-சிகரெட்டுக்கு மாற முதலில் எந்தக் கருவி வாங்கலாம்?

சிப்காட்டில் வேலை, பெங்களூரில் ஒரு கடையில் 'பாட்' கருவி (திரவக் குப்பி பொருத்திய சின்ன இ-சிகரெட்) கிடைக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மற்றதை நானே ஊகித்துக்கொள்கிறேன்: ஷிஃப்ட் மாறி மாறி வரும், எழுந்ததும் ஒன்று, டீ பிரேக்குக்கு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்கிற பெரும்பாலானவர்களின் கணக்கு இதுதான்.

எந்தக் கருவியும் வாங்காதீர்கள். இந்தியாவில் இ-சிகரெட்டைத் தடை செய்து 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் வந்தது, அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு வைத்தல், விளம்பரம் எல்லாமே தடை. விற்பவர் முதல் தடவை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். "நான் விற்கவில்லையே, ஒன்றுதானே வாங்குகிறேன்" என்பீர்கள். வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போட்டால் அதற்குப் பெயர் இறக்குமதி.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒளித்து விற்கிற பொருளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பெட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் நிக்கோட்டின். இங்கிலாந்தில் சட்டப்படி விற்கிற திரவத்துக்கு உச்ச வரம்பே மில்லிக்கு 20 மில்லிகிராம்தான். சிகரெட் என்றால் தீர்ந்ததும் கை நிற்கும். இந்தக் கருவிக்கு முடிவே கிடையாது, கட்டிலில் படுத்துக்கொண்டும் இழுக்கலாம். 12 சிகரெட்டுக்காரர் அதைவிட அதிக நிக்கோட்டினுக்குப் பழகிவிடலாம், கூடவே டீக்கடையில் நாலு சிகரெட்டும் தொடரலாம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் இந்த மாற்றத்தில் அதிகம் நடக்கிற தோல்வி.

உடனே ஒருவர் கீழே வந்து இங்கிலாந்தில் டாக்டர்களே பரிந்துரைக்கிறார்களே என்று எழுதுவார். உண்மைதான், நான் மறுக்கவில்லை. நிக்கோட்டின் உள்ள இ-சிகரெட், நிக்கோட்டின் கம்மையும் (மெல்லுவது) பேட்சையும் (தோலில் ஒட்டுவது) விட அதிகம் பேரைப் புகையிலிருந்து விடுவிக்கிறது என்றுதான், பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. புகையிலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வருவதில்லை. ஆனால் அந்த முடிவு, அளவு சரிபார்த்து, ஆலோசகர் உதவியோடு கொடுத்த பொருளுக்கு உரியது. பெங்களூரில் பான் கடைக்குப் பின்னால் கைமாறும் பெட்டிக்கு அது பொருந்தாது.

பிரிட்டனில் வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு மட்டும் நாலு வரி. தூக்கி எறியும் வகை அங்கே 2025 ஜூன் 1 முதல் தடை. திரும்ப நிரப்பும் பாட் கருவியில் சிகரெட் போலவே வாயில் இழுத்துப் பிறகு நெஞ்சுக்குள் விடும் வகை, 1 ஓம் அளவு காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்), 20 மில்லிகிராமைத் தாண்டாத திரவம் போதும். நிரப்பியதும் பத்து நிமிஷம் பஞ்சு ஊற விடுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் காயில் கருகி, அதற்கப்புறம் எதைப் போட்டாலும் தீய்ந்த வாடைதான். ஊருக்கு வரும்போது அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம்.

இனி உங்களுக்கு. மெடிக்கலில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் சீட்டு இல்லாமல் கிடைக்கும். இதை முன்பே மென்று பார்த்து "வேலைக்கு ஆகாது" என்று தூக்கிப் போட்டிருப்பீர்கள் என்றும் ஊகிக்கிறேன். கம் தோற்பதில்லை, மெல்லுகிற விதம் தோற்கிறது. இதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாய் மாதிரி தொங்கவிட்டு ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் காகிதத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலம். மாரண்டஹள்ளியிலிருந்து வரும் லாரி டிரைவர் அதைப் படித்தா மெல்லுவார்?

பபிள்கம் மாதிரி மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். அங்கிருந்து கல்லீரல் அதில் பெரும்பங்கை அழித்துவிடும். மிச்சம் கிடைப்பது விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான். அது கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் ஏற வேண்டிய மருந்து. அதனால் மெதுவாக, பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள். மிளகு கடித்தது போலச் சுரீரென்று ஒரு காரம் வரும். வந்ததும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிஷம் போல ஆனதும் காரம் அடங்கும். மறுபடி நாலு மெல்லு, மறுபடி ஒதுக்கல், இந்தத் தடவை அடுத்த கன்னத்தில். இப்படி அரை மணி நேரம். அதற்குப் பிறகு மெல்லும்போது காரமே வராது, துப்பிக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். துப்பிய கம்மிலும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும், குழந்தை கையில் சிக்கக் கூடாது.

அடுத்த தப்பு புளிப்பு. வாய் புளித்திருந்தால் நிக்கோட்டின் தோல் வழியே ஏறாது. காபி, மாம்பழ ஜூஸ், கலர் சோடா, மோர், புளிக்குழம்பு எல்லாமே கெடுக்கும். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து, போட்டு முடிக்கும் வரை தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். களியும் புளிச்சாறும் சாப்பிட்டுவிட்டு உடனே கம்மைப் போட்டு, "ஒன்றுமே தெரியலையே" என்பது நம் பக்கத்தில் ரொம்பச் சகஜம். வாயைக் கொப்பளித்துக் கால் மணி நேரம் பொறுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, நேரம். சிகரெட்டை இழுத்தால் பத்திருபது நொடியில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். கம்மில் உச்சம் ஏற இருபது, முப்பது நிமிஷம் ஆகும். ஆசை வந்த பிறகு தேடினால் அது தோற்கத்தான் செய்யும். கடிகாரம் பார்த்துப் போடுங்கள். முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்குக் குறைந்தது 9. ஏழாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வரை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று. அதன் பிறகு பன்னிரண்டாம் வாரம் வரை 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று. எப்படியும் நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. நாலு நாள் நாலு கம் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். 2 மில்லிகிராம் கம்மில் சுமார் பாதிதான் உடம்பில் சேரும், நாலு கம் என்பது உங்கள் 12 சிகரெட்டுக்கு எந்த மூலைக்கு?

படுக்கையிலிருந்து எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறவரா? அப்படியானால் 2 போதாது, 4 மில்லிகிராம் வேண்டும். அதற்கு டாக்டர் சீட்டு தேவை. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் கேளுங்கள். 'மனநலம்' என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், பழக்கத்தை விடும் சிகிச்சை அவர்கள் வேலை. வாரனிக்லின், புப்ரோபியான் மாத்திரைகளும் டாக்டர் பார்த்துத்தான் தருவார். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பேட்ச் கிடைத்தால், நாளுக்கு 10-க்கு மேல் பிடிக்கிறவருக்கு 21 மில்லிகிராம் 6 வாரம், பிறகு 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். மேல்கையிலோ முதுகிலோ முடியில்லாத, உலர்ந்த இடத்தில் வைத்து உள்ளங்கையால் பத்து நொடி அழுத்துங்கள். எண்ணெய் தேய்த்த தோலில் ஒட்டாது. பட்டறையில் வேர்த்துக் கொட்டுகிறவர் நெஞ்சில் ஒட்டாமல் முதுகின் மேல்பக்கம் ஒட்டச் சொல்லலாம். தினம் இடம் மாற்றுங்கள். கனவு தொல்லை தந்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். பேட்ச் அடிப்படை அளவைத் தாங்கும், திடீர் ஆசைக்குக் கம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிடப் பலன் அதிகம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், கர்ப்பிணி, இவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. கட்டிய பல் உள்ளவர்களுக்குக் கம் ஒட்டிக்கொள்ளும், சப்புகிற மாத்திரை கேளுங்கள்.

முதல் வாரத்தில் இரண்டு விஷயம் பயமுறுத்தும். மலச்சிக்கல்: சிகரெட் இருந்தால்தான் காலைக்கடன் என்று பழகிய குடல், ஒன்றிரண்டு வாரம் முரண்டு பிடிக்கும். வெந்நீர், கீரை, கொய்யா போதும். இன்னொன்று நெஞ்சுப் படபடப்பு. புகையில் உள்ள தார்ப்பொருள் காஃபினை வேகமாகக் கரைக்கும் நொதியைத் தூண்டிக்கொண்டிருந்தது. புகை நின்றதும் அதே காபி உடம்பில் இரட்டிப்பு நேரம் நிற்கும். ஆறு டீயை மூன்றாக்குங்கள். புகையை விட்டால் சில மருந்துகளின் அளவும் மாறும். மனநல மாத்திரையோ, ஆஸ்துமாவுக்கான தியோஃபிலினோ எடுப்பவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், புகையை விடும் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள்.

புகையை விட்டதும் கடைக்குக் கடை கிடைக்கிற ஹான்ஸ், கூல் லிப் பக்கம் போய்விடாதீர்கள். தமிழ்நாட்டில் தடை செய்த சரக்கு, உள்ளே இருப்பது புகையிலைதான், வாயில் ஒதுக்குவதால் புற்றுநோய் அங்கேயே வரும். பீடிக்காரர்களும் பீடி இலேசானது என்று நினைக்க வேண்டாம். இலையில் காற்று புகாததால் இழுப்பு பலமாகிறது, உள்ளே போவது குறைவதில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்கிறேன். கிரானைட் பாலிஷ் பட்டறைத் தொழிலாளிகளிடம் "புகையை விடு" என்று முகாம் போட்டுச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் தண்ணீர் விடாமல் கல்லறுக்கும் தூசியை ஏன் யாரும் கேட்பதில்லை? அந்தச் சிலிக்கா நுரையீரலில் போட்ட தழும்பு ஆறாது, காசநோயும் எளிதில் வரும். முகத்தில் கட்டும் துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. தண்ணீர் தெளித்து அறுப்பதும் சரியான முகக்கவசமும் முதலாளி செய்ய வேண்டியவை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நீடித்தால், 'புகை விட்டதால் வரும் இருமல்' என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம்.

சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356, புகையை விட உதவும் கட்டணமில்லா எண். பெங்களூரு நிம்ஹான்ஸ் (மத்திய அரசின் மனநல மருத்துவமனை) மையம் இருப்பதால் தமிழிலும் பேசுவார்கள். நாள் குறித்துவிட்டுப் பேசுங்கள், அடுத்தடுத்து அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு பட்டை வாங்காதீர்கள். நாளுக்குப் பத்து வீதம் வாரத்துக்கு 70 கம், மொத்தமாக. நைட் ஷிஃப்ட் நடுவில் இரண்டு மணிக்குத் தீர்ந்துபோனால் அந்த நேரத்தில் மெடிக்கல் பூட்டியிருக்கும், கேட் வாசல் டீக்கடை திறந்திருக்கும்.