காய்கிற வேட்டியும் கட்சி பேனலும்

கேள்வி: கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா குடிசையில் வாழ்ந்தார். இன்றைய இடதுசாரித் தலைவர்கள் ஆறு சீட்டுக்காகக் கூட்டணிக் கட்சி அலுவலக வாசலில் நிற்கிறார்கள். அன்று எழுத்தாளர்கள் ரகுநாதனும் ஜெயகாந்தனும் தோழர்களாக இருந்தார்கள். இன்று யார் இருக்கிறார்கள்? முப்பது ஆண்டுக்கால அனுதாபியான எனக்கே வெறுத்துவிட்டது. தலைமை கெட்டதால் எழுத்து போனதா, எழுத்தாளர்கள் போனதால் தலைமை கெட்டதா?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: ஜீவாவைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் ஒரே கதைதான் இருக்கிறது. முதலமைச்சர் காமராஜர் தாம்பரத்துக் குடிசைக்கு வருகிறார்; இருக்கிற ஒரே வேட்டி காய்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்கிறார் ஜீவா. நல்ல கதை, கேட்டால் தொண்டை அடைக்கும். ஆனால் ஜீவா யாரோடு முரண்பட்டார், எதை அச்சடித்தார், எதற்காகச் சிறை போனார் என்று அதில் ஒரு வரி கிடையாது. பகத்சிங்கின் ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரையைத் தமிழாக்கியதற்காகக் கைதானவர் அவர். அந்த வழக்கைச் சுயமரியாதை இயக்கம் கையாண்ட விதமும், பெரியார் சமதர்மப் பிரச்சாரத்தை அடக்கி வாசிக்கத் தொடங்கியதும் கசந்துபோய், 1930களின் நடுவில் விலகினார். தலைமைமேல் நம்பிக்கை இழந்து வெளியேறிய ஒருவரைத்தான் நீங்கள் விசுவாசத்தின் உருவமாக மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள். வெளியேறியவர் வெறுத்துப்போய் உட்கார்ந்துவிடவில்லை. 1937இல் ‘ஜனசக்தி’ பத்திரிகை, கடைசிக் காலத்தில் ‘தாமரை’ இதழ், 1961இல் கலை இலக்கியப் பெருமன்றம் என்று தொடங்கிக்கொண்டே இருந்தார். 1963 ஜனவரியில் இறந்தபோது வயது 55.

எளிமைக்கும் கட்சியின் நலத்துக்கும் நீங்கள் போடும் முடிச்சு கணக்கில் நிற்காது. சங்கரய்யா, நல்லகண்ணு என்று எளிமைக்குக் குறையே இருந்ததில்லை. கட்சிகள் தேய்ந்ததும் இதே எளிய மனிதர்கள் தலைமையில் இருந்த காலத்தில்தான். 1952இல் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்டுகள் 62 இடம் பிடித்தார்கள் என்று மேற்கோள் காட்டுவோர் உண்டு. அதில் பெரும்பங்கு ஆந்திரப் பகுதி என்பதைச் சொல்லாமல் ஒப்பிடுவது மோசடி. நியாயமான ஒப்பீடு, கட்சி இரண்டாகப் பிளந்ததற்குப் பிந்தையது: 1967இல் மார்க்சிஸ்ட் 11, இந்தியக் கம்யூனிஸ்ட் 2. 2016இல் மக்கள் நலக் கூட்டணியாக நின்று இரண்டுக்கும் பூஜ்யம். 2021இல் திமுக கூட்டணியில் ஆளுக்கு 6 இடம் வாங்கி, ஆளுக்கு 2 வெற்றி.

கெட்டது தலைவரின் குணமா என்று தேடாதீர்கள். தலைவர் எப்படி உருவாகிறார் என்று பாருங்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அமைப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தால் வேலை முடிந்தது. அது ரகசிய ஆவணமில்லை. கிளை, இடைக்குழு, மாவட்டம், மாநிலம், அகில இந்தியம் என்று மாநாடுகள் கீழிருந்து மேலே போகும். ஒவ்வொரு மட்டத்திலும் பதவி முடியும் கமிட்டியே அடுத்த கமிட்டிக்கான பட்டியலை, அதாவது பேனலை, மாநாட்டின் முன் வைக்கும். பிரதிநிதிகள் அதில் உள்ள பெயரை ஆட்சேபிக்கலாம். சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் புதுப் பெயர் முன்மொழியலாம். புதுப் பெயர் வந்தால் ரகசிய வாக்கெடுப்பு: இடம் எத்தனையோ அத்தனை வாக்கு, ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. புதுப் பெயர் வராவிட்டால் கையைத் தூக்கினால் போதும்.

காகிதத்தில் இதில் ஓட்டை இல்லை. நடைமுறையில் எங்கே சிக்குகிறது? பேனலுக்கு வெளியே நிற்கிறவர் மேல்கமிட்டியை மறுத்தவராகிவிடுகிறார். அடுத்த மூன்றாண்டு அவருக்குப் பொறுப்பு ஒதுக்கப்போவதும் அதே மேல்கமிட்டிதான். அதனால் பெயர் கொடுக்க வந்தவர் தேநீர் இடைவேளையில் வாபஸ் வாங்குகிறார், கை தூக்கலோடு முடிகிறது. மாநாடு ஒருமனதாக முடிந்தது என்று மறுநாள் செய்தி வரும். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த அகில இந்திய மாநாட்டில் மகாராஷ்டிரத் தொழிற்சங்கத் தலைவர் டி.எல். கராட் மத்தியக் குழுவுக்குப் பேனலுக்கு வெளியே நின்று 31 வாக்கு பெற்றுத் தோற்றார். ஒரு மனிதர் தோற்றது நாடு முழுக்கச் செய்தியானது என்றால், போட்டி அங்கே எவ்வளவு அபூர்வம் என்று தெரிகிறதல்லவா?

சீர்திருத்தமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2012 கோழிக்கோடு மாநாட்டில் எந்த மட்டத்துச் செயலாளருக்கும் மூன்று தவணைதான் என்று விதி வந்தது. பின்னர் 75 வயது வரம்பும் வந்தது. இரண்டும் நல்லவை. ஆனால் இரண்டும் ஆளை மாற்றும், ஆளைத் தேர்ந்தெடுக்கும் கையை மாற்றாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் தலைமையா, முதலில் எழுத்தா என்று கேட்கிறீர்கள். இரண்டையும் பாதித்தது ஒரே விதி: ஜனநாயக மத்தியத்துவம். விவாதம் கமிட்டிக்குள், முடிவான பிறகு வெளியே ஒரே குரல். வேலைநிறுத்தத்துக்கு இது உயிர். நூறு பேர் ஆலை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது பத்துப் பேர் மாற்றுக் கருத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தால் மறுநாள் காலையே போராட்டம் கலையும். அதே விதியைக் கதைக்குப் போட்டால் கதை சாகும், ஏனென்றால் எழுத்தாளனுக்கு உள்ளே, வெளியே என்று இரண்டு இடம் கிடையாது; அவன் சந்தேகப்படுவதே அச்சில்தான். 1975இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி நெருக்கடி நிலையை ஆதரித்தது. அது தவறென்று 1978 பட்டிண்டா மாநாட்டில் ஒப்புக்கொண்டது. நடுவில் உள்ள மூன்றாண்டுகளில் அந்தக் கட்சிக்காரரான ஒரு கவிஞர் என்ன எழுதியிருக்க முடியும்?

நீங்கள் சொன்ன இரண்டு பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ரகுநாதன் 1953இல் நெசவாளர் வாழ்வை வைத்துப் ‘பஞ்சும் பசியும்’ எழுதினார். அடுத்து ‘சாந்தி’ பத்திரிகை நடத்தினார். அதற்குப் பிறகான நீண்ட காலம் சோவியத் வெளியீடுகளின் மொழிபெயர்ப்பு மேசையில் கழிந்தது. சாகித்ய அகாதமி விருது 1983இல் வந்தது, அதுவும் நாவலுக்கல்ல, பாரதி ஆய்வுக்கு. இவரை யாரும் விரட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். மாதச் சம்பளத்துக்கு நாவலாசிரியரை மொழிபெயர்ப்பாளராக்குவது விரட்டுவதைவிட மென்மையான காரியம், விளைவு ஒன்றுதான். (அந்த மொழிபெயர்ப்புகளில் வளர்ந்த இரண்டு தலைமுறை இருக்கிறது என்பதும் உண்மை. அது வேறு கணக்கு.) ஜெயகாந்தன் சிறுவனாகக் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர், பின்னால் விலகி காமராஜரின் காங்கிரசுக்கு மேடையேறினார். அந்த அரசியல் தாவலை நான் மெச்ச மாட்டேன். ஆனால் அவருடைய நல்ல கதைகளில் பல எங்கே வந்தன? விஜயபாஸ்கரன் 1955 முதல் 1962 வரை நடத்திய ‘சரஸ்வதி’யில். ஆசிரியர் கட்சிக்காரர், பத்திரிகை கட்சியுடையதல்ல. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ தொடராகத் தொடங்கியதும் அங்கேதான். அதே சுந்தர ராமசாமி கட்சிச் சூழலிலிருந்து விலகிய பின், ஜீவா இறந்தபோது எழுதிய கட்டுரை இன்றும் ஜீவாவைப் பற்றித் தமிழில் உள்ள மிகச் சிறந்த கட்டுரை. விலகியவர் எழுதியதாயிற்றே என்று யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை.

உள்ளே இருந்தால் எழுத்து சாகும், வெளியே போனால் வாழும் என்று இதைச் சுருக்கிவிடாதீர்கள். நா. வானமாமலை கடைசிவரை உள்ளே இருந்தார். ஆனால் கையில் ‘ஆராய்ச்சி’ என்ற சொந்தப் பத்திரிகை, பாளையங்கோட்டையில் பிழைப்புக்கு டுட்டோரியல். நாட்டார் வழக்காற்றியலுக்குத் தமிழில் அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். கோவை ஞானி எந்தக் கட்சிக்குள்ளும் அடங்காமல், கண்பார்வை போன பிறகும் மார்க்சியத்தை விடாமல் எழுதினார், ‘நிகழ்’ நடத்தினார். இருவருக்கும் பொதுவானது, அச்சுக்குப் போகும் பக்கத்தை வேறு யாரும் ஒப்புதல் முத்திரை குத்த வேண்டியிருக்கவில்லை என்பதுதான்.

தலைமையின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வெண்மணியில் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25. ஆண்டுதோறும் அங்கே செங்கொடி ஏறுகிறது. அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதியபோது, கூலிப் போராட்டத்தைப் பண்ணையாரின் ஆண்மைக் குறைவாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் கொதித்தார்கள். ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு நாவலுக்குச் சரியான பதில் இன்னொரு நாவல். அந்தத் திசையில் சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ வந்தது 1999இல். கண்டனக் கட்டுரைக்கு ஒரு வாரம் போதும், நாவலுக்கு வெண்மணியிலிருந்து முப்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

சீட்டுக்கும் பணத்துக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடி ரூபாய், மார்க்சிஸ்டுக்கு 10 கோடி கொடுத்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்தில் கணக்குக் காட்டியது. தேர்தல் செலவுக்கு, கணக்கில் வந்த பணம் என்றார்கள், சட்டப்படி சரி. உண்டியல் குலுக்கி வளர்ந்த தோழருக்கு அது ஏன் உறுத்தியது என்பதற்குத்தான் கிளைக் கூட்டங்களில் நேரான பதில் தேவைப்பட்டது. ஆனால் விலைபோய்விட்டார்கள் என்று ஒரே வார்த்தையில் முடிக்கும் முன் 2024ஐயும் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில், மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த சிஐடியு சங்கத்துக்காக 37 நாள் வேலைநிறுத்தம். எதிரே நின்றது கூட்டணித் தலைமைக் கட்சியின் அரசு, அதன் காவல்துறை. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. வாச்சாத்தி வழக்கு இன்னும் நீண்டது: அந்த மலைவாழ் மக்கள் ஊரில் 1992இல் வனத்துறையினரும் காவல்துறையினரும் நடத்திய கொடுமைக்கு 2011இல்தான் தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்டு உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள். பத்தொன்பது ஆண்டு சாட்சிகளைக் கலையாமல் காத்த தோழர்களில் வேட்டிக் கதை உள்ள தலைவர் எவரும் இல்லை. அதனால்தான் உங்கள் பட்டியலில் அவர்கள் வரவில்லை.

ரகுநாதனை நினைத்து வருந்துகிறீர்கள். தன் நூல் சேகரத்தை அவர் கொடுத்தது எட்டயபுரத்துக்கு. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். முப்பது ஆண்டில் எத்தனை முறை போனீர்கள்?

கடைசியாக, அனுதாபி என்கிறீர்கள். அனுதாபிக்குக் கிளை மாநாட்டில் வாக்கு கிடையாது. இரண்டு உறுப்பினர்கள் பரிந்துரைத்து, ஓராண்டு பரீட்சார்த்த உறுப்பினராக இருந்து, வருமானத்தில் கட்சிக்கான பங்கான லெவி கட்டிய பிறகுதான் பேனலை ஆட்சேபிக்கும் உரிமை வரும். நகல் அரசியல் தீர்மானம் அகில இந்திய மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பு வெளியாகும், உறுப்பினர் எவரும் திருத்தம் அனுப்பலாம். மாநாடு மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றால் அடுத்தது 2028 வாக்கில். கிளை மாநாடுகள் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிடும். பரீட்சார்த்த ஓராண்டைக் கழித்துக்கொண்டு, விண்ணப்பம் எப்போது கொடுக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.