அடுப்படிச் சுவரில் கண்ணாடி மொசைக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சமையல் மேடை 10 அடி நீளம். அதற்கு மேல் 2 அடி உயரத்துக்குக் கண்ணாடி மொசைக் ஒட்டப் போகிறோம். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த சுவர். அதன் மேலேயே ஒட்டலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெயிண்ட் மேல் ஒட்டவே கூடாது. அடெசிவ் (டைல்ஸ் ஒட்டும் பசை) சுவரை விட்டுப் பட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் ஏறிப் பட்டி உப்பினால் மொசைக்கும் சேர்ந்து பாளமாக வரும். சிமெண்ட் பூச்சு தெரியும் வரை சுரண்டி, தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் குழி இருந்தால் நிரவி, ஒரு நாள் காயவிடுங்கள். சின்னச் சின்னச் சில்லுகள் என்பதால் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் விளக்கு வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

மொசைக் சில்லுகள் வலையில் ஒட்டிய சதுரத் தாள்களாக வரும். 30 செ.மீ. தாள் என்றால் ஒரு வரிசைக்குப் பத்து. 10 அடி என்பது 305 செ.மீ., ஆகவே ஓரத்தில் மூன்று செ.மீ. அளவுக்கு மிஞ்சும், அதற்கு ஒரு தாளைச் சில்லு வரிசைகளாகப் பிரித்துக்கொள்ளலாம், பின்பக்க வலை கத்திக்கே அறுபடும். இரண்டு வரிசைக்கு 21, சேதாரத்துக்கு 2, ஆக 23 தாள். கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள், 32.7 செ.மீ. தாள்களும் வருகின்றன. வெள்ளை நிற, பாலிமர் கலந்த அடெசிவ் 20 கிலோ மூட்டை ஒன்று தாராளம். சில்லுகளின் இடுக்கை அடைக்கும் கிரவுட் 3 கிலோ.

வழக்கமான சிமெண்ட் பாலில் ஒட்டக் கொத்தனாரை விடாதீர்கள். கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது, சிமெண்ட் பால் அதில் பிடிக்காது. போதாததற்குச் சாம்பல் நிறமும் ஊடே தெரியும்.

அடெசிவை முதலில் கரண்டியின் தட்டையான பக்கத்தால் சுவரில் அழுத்தித் தேய்த்து, பிறகு ஓரத்தில் 5 மி.மீ. பற்கள் உள்ள பல் கரண்டியால் கோடு இழுத்து, மறுபடி தட்டைப் பக்கத்தால் அந்தக் கோடுகளை அமுக்கிவிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். விட்டால், நிறம் குறைந்த கண்ணாடியில் பல் தடம் வரிவரியாகத் தெரியும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று தாளுக்கு மட்டும் பூசுங்கள். விரலால் தொட்டால் ஒட்டவில்லையா? மேலே ஆடை கட்டிவிட்டது, சுரண்டி எறியுங்கள்.

முதல் வரிசைக்கும் மேடைக் கிரானைட்டுக்கும் நடுவே 3 மி.மீ. விடுங்கள். இரண்டு தாளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் தாளுக்குள் சில்லுகளின் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் கட்டம் விழுந்துவிடும். மரக்கட்டையால் மெல்லத் தட்டி மட்டம் பண்ணுங்கள். இடுக்கில் பிதுங்கிய அடெசிவை ஈர்க்குச்சியால் அப்போதே வழித்துவிடுங்கள். 48 மணி நேரம் கழித்துத்தான் கிரவுட்: கண்ணாடி வழியே ஈரம் போகாது, இடுக்கு வழியாகத்தான் காய வேண்டும்.

மணல் கலந்த கிரவுட் கண்ணாடியைக் கீறும். அடுப்புக்குப் பின்னால் எபாக்ஸி (பிசின் வகை) கிரவுட் நல்லது, மஞ்சள் கறை ஊறாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனுக்குடன் துடையுங்கள். இறுகிய எபாக்ஸியைக் கண்ணாடியிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: ஒட்டி ஆறு மாதம்தான் ஆகிறது. சிங்க் அருகே கீழ் வரிசையில் கறுப்புத் திட்டு. தேய்த்தாலும் போகவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: திட்டு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. நாலு நாள் சிங்க்கைப் புழங்காமல் விட்டுப் பாருங்கள். வெளுத்தால், மேடையும் சுவரும் சேரும் மூலையில் தண்ணீர் இறங்குகிறது. அங்கே சிமெண்டோ கிரவுட்டோ அடைத்திருப்பார்கள், அது விரிசல் விட்டிருக்கும். சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் பசை போடுங்கள். வெளுக்கவில்லை என்றால் சில்லின் முதுகில் உள்ள வண்ணப் பூச்சு உரிந்திருக்கலாம். அந்தச் சில்லுகளைப் பெயர்த்து மாற்றுவதுதான் வழி. மீந்த தாளை எறியாமல் வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

கேள்வி: பழைய டைல்ஸ் மேலேயே மொசைக் ஒட்டலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி வரும் டைல்ஸைப் பெயர்த்து, அந்த இடத்தைப் பூசிவிடுங்கள். மற்றதில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் போக்கி, உப்புத்தாளால் பளபளப்பை மங்கடித்து, டைல் மேல் டைல் ஒட்டுவதற்கென்று விற்கும் அடெசிவில் ஒட்டலாம். சுவர் தடித்துவிடுவதால் சுவிட்ச் போர்டுக்கு நீளமான ஸ்க்ரூ தேவைப்படும். கழற்றும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.