லண்டனும் வட அயர்லாந்தும்: மகிழ்ச்சிக் கணக்கை நம்பலாமா?

கேள்வி: லண்டனில் பணிபுரியும் என் மகனுக்கு வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் வேலை கிடைத்திருக்கிறது. வட அயர்லாந்தில் வருமானம் குறைவு என்றாலும், ஐக்கிய ராஜ்ஜியத்திலேயே மகிழ்ச்சியான மக்கள் அங்குதான் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பில் தெரிந்ததாக அவன் சொல்கிறான். முப்பது ஆண்டுகள் குண்டுவெடிப்பையும் கொலைகளையும் கண்ட மண் எப்படி முதலிடத்துக்கு வரும்?

– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தங்கள் மகன் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஐக்கிய ராஜ்ஜியத்தின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 ஏப்ரல் முதல், வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி, செய்யும் காரியங்களில் எவ்வளவு பயன் இருப்பதாக எண்ணுகிறீர்கள், நேற்று எவ்வளவு மகிழ்ச்சி, நேற்று எவ்வளவு மனக்கலக்கம் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடச் சொல்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் பதிலளித்த முதல் ஆண்டிலேயே வட அயர்லாந்து முன்னணியில் நின்றது. பின்னர் வந்த பல ஆண்டுகளிலும் அந்த இடத்தை விடவில்லை. அதிக வருமானம் ஈட்டும் லண்டனோ, தொடக்க ஆண்டுகளில் திருப்தியில் பின்தங்கியும் மனக்கலக்கத்தில் முந்தியும் இருந்தது.

லண்டனில் கிடைக்கும் கூடுதல் சம்பளத்தில் பெரும்பங்கை வீட்டு வாடகையே விழுங்கிவிடுகிறது. எஞ்சிய நேரத்தைப் பயணம் தின்றுவிடுகிறது. வேலைக்குப் பயணம் செய்பவர்கள், பயணமே தேவைப்படாதவர்களைவிட நான்கு கேள்விகளிலும் பின்தங்குகிறார்கள் என்றும், ஒரு வழிப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்போது பாதிப்பு மிகுதி என்றும் அதே அலுவலகம் 2014-இல் கண்டறிந்தது. வட அயர்லாந்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 19 லட்சம்தான். பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஒருவருக்கொருவர் எட்டும் தொலைவில் வாழ்வது அங்கே இன்னும் இயல்பாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளும் முதல் கணக்கெடுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றதற்கு இத்தகைய நெருக்கமே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஆயினும் தாங்கள் கேட்ட கேள்வியின் மறுபாதி என்னை வருத்துகிறது. வட அயர்லாந்து ஐக்கிய ராஜ்ஜியத்தோடு நீடிப்பதா, அயர்லாந்துக் குடியரசோடு இணைவதா என்பதில் எழுந்து, 3,500-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மோதல், 1998-ஆம் ஆண்டின் புனித வெள்ளி அமைதி உடன்படிக்கையோடு பெரும்பாலும் ஓய்ந்தது. ஆனால் அந்த மோதலில் இறந்தவர்களைவிட அதிகமானோர், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். உயர்ந்த சராசரியும் இந்தத் துயரமும் ஒரே மண்ணில், ஒரே காலத்தில் உண்மையாக இருக்கின்றன. சராசரி என்பது பலரின் நிறைவையும் சிலரின் ஆழ்ந்த வேதனையையும் கூட்டி வகுத்த எண் என்பதால், எட்டோ ஒன்பதோ இட்ட அண்டை வீட்டாரின் மதிப்பெண்ணுக்குள் மூன்று இட்டவரின் குரல் அமிழ்ந்துபோகிறது. மேலும், முதல் ஆண்டில் நாடு முழுவதற்குமான திருப்திச் சராசரி 7.4 என்றிருக்க, வட்டாரங்களுக்கிடையே இருந்த வேறுபாடு அரைப் புள்ளிக்கும் குறைவே. தரவரிசைப் பட்டியலாக அச்சிடும்போது அச்சிறு இடைவெளி பெரும் பள்ளமாகத் தெரிந்துவிடுகிறது.

இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்து, உறவு சூழ வாழ்பவர்கள் இட்டவை என்பதையும் தங்கள் மகன் நினைவில் கொள்ள வேண்டும். புதிதாகச் செல்பவருக்கு அந்த உறவுகள் காத்திருப்பதில்லை. குறைந்த வாடகையும் குறுகிய பயணமும் மட்டும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும். ஆகவே அவர் முடிவெடுக்கும் முன், அலுவலகத்துக்கு நடந்தோ அரை மணி நேரப் பேருந்துப் பயணத்திலோ சென்றுவரக்கூடிய இடத்தில் வீடு கிடைக்குமா என்பதையும், மாலையில் சேர்ந்து உண்ணவோ விளையாடவோ அங்கே யார் இருக்கிறார்கள் என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.